மேசைமேல் ஓடிய கோச்சி



புகைவண்டியைப் பற்றிப் பேசுவதற்குத் தீவில் பிறந்தவனுக்கு என்ன உரிமை உண்டு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அனலைதீவில் தண்டவாளம் இல்லை, ஒருகாலும் இருந்ததுமில்லை. எங்கள் ஊரவர் எங்கே போவதாயினும் முதலில் வள்ளத்தில் கால் வைத்தாக வேண்டும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டு அழைத்த காலத்தில், அனலைதீவுக்கு றொட்டர்டாம் என்னும் பெயரைச் சூட்டினர். பெரியதொரு துறைமுகத்தின் பெயரைப் பெற்றும், பாலமின்றிக் கடலையே வீதியாகக் கொண்டு இன்றளவும் வாழ்ந்துவருவது எங்கள் தீவு.

ஆயினும், புகைவண்டியின் வரலாறு எங்கள் வரலாற்றுக்கு அப்பாற்பட்டதன்று. எங்கள் தோட்டங்களில் விளைந்த புகையிலை தென்னிலங்கைச் சந்தைகளுக்குச் சென்றது அதனாலே. எங்கள் பிள்ளைகள் கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றதும், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் திரும்பி வந்ததும் அதனாலே. எங்கள் முதியோர் அதனைப் புகைவண்டி என்று சொன்னதில்லை. கோச்சி என்பதே அவர்கள் வாயில் வழங்கிய பெயர். அந்தக் கோச்சியை ஒரு மேசையின்மீது ஓடக் கண்ட ஒரு நாளைப் பற்றியும், அது என் உள்ளத்தில் எழுப்பிய வரலாற்று எண்ணங்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு பாடசாலையில் மாணவர் கண்காட்சி ஒன்று நடைபெறுவதாகவும், அங்கே வடபகுதிப் புகைவண்டிப் பாதையைச் சிறிய உருவில் அமைத்து ஓட்டிக் காட்டுவதாகவும் கேள்வியுற்றோம். நண்பர் நால்வர் புறப்பட்டோம். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்கள் கூட்டத்தில் மூத்தவர். மற்றொருவர் புகையிலைத் தோட்டம் செய்பவர். மூன்றாமவர் கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்பவர்; விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். நான்காமவன் நான். காலை வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து பேருந்தேறிப் பண்ணைக் கடலின் நடுவே செல்லும் நெடுவீதியைக் கடந்து நகரை அடைந்தோம்.

பாடசாலை மண்டபத்தின் நடுவே மேசைகள் பலவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, அவற்றின்மேல் ஒரு நாட்டையே படைத்திருந்தனர் மாணவர். ஒரு முனையில் காங்கேசன்துறை. அதற்கு அப்பால் நீல வர்ணம் தீட்டிய கடல். பின்னர் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில் எனத் தெரிந்த பெயர்கள் எல்லாம் வரிசையாக நின்றன. யாழ்ப்பாண நிலையம் அட்டையால் எழுந்து நின்றது. நாவற்குழிக்கு அப்பால் பனைகள். அவை ஈர்க்கினாலும் பச்சைக் கடதாசியாலும் ஆனவை. ஆனையிறவில் உப்பளம், அங்கே மாணவர் உண்மையான உப்பையே தூவியிருந்தனர். எங்கள் தோட்டக்கார நண்பர் ஒரு கல்லை எடுத்து நாவில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கைகாட்டி மரங்களும், கடவைப் படலைகளும், சாவி அளவேயான எஞ்சின் ஒன்றும் அங்கே இருந்தன.

இத்தகைய மாதிரிகளுக்கு ஓர் அளவுமுறை உண்டு. உலகெங்கும் மிகுதியாக வழங்குவது எண்பத்தேழில் ஒரு பங்கு என்னும் அளவு. இருபது மீற்றர் நீளமுள்ள பெட்டி அதில் இருபத்து மூன்று சென்ரிமீற்றராகக் குறுகும். ஆனால் எங்கள் நாட்டுப் பாதைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இலங்கையின் பெரும்பாதை ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர் அகலமுடையது. இந்தியாவின் அகலப்பாதையும் அதுவே. மேனாடுகளில் பெரும்பாலும் வழங்குவதோ 1435 மில்லிமீற்றர். கடைகளில் விற்கும் சிறு தண்டவாளம் அந்த மேனாட்டுப் பாதையைச் சுருக்கிச் செய்தது. அதன் அகலம் பதினாறரை மில்லிமீற்றர். எங்கள் பாதைக்குப் பத்தொன்பது மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம் வேண்டும். மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வித்தியாசந்தான். ஆயினும் அதனைப் பொறுக்காமல், மரச்சலாகையில் ஆணியடித்துத் தண்டவாளத்தைத் தாமே அமைத்ததாக ஒரு மாணவன் கூறினான். மெய்யின்மீது கொண்ட அப்பிடிவாதம் என்னைக் கவர்ந்தது. வரலாறு எழுதுவோனுக்கும் அது வேண்டற்பாலதன்றோ?

மற்றொன்றையும் அவர்கள் மறைக்கவில்லை. கொழும்பு தொடங்கிக் காங்கேசன்துறை வரை பாதை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதனை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினும் நான்கரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளும். எங்கள் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரித்தாலும் இடம் போதுமோ என்பது ஐயமே. ஆதலால் அவர்கள் வன்னிக் காட்டின் பெரும்பகுதியை விட்டுவிட்டு, கிளிநொச்சிக்கு அடுத்து வவுனியாவை வைத்திருந்தனர். எதனை வைப்பது, எதனை விடுவது என்ற தெரிவு சிற்றுருச் செய்வோனுக்கும் உண்டு. சரித்திரம் செய்வோனுக்கும் உண்டு.

இத்தகைய சிற்றுருக்களைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில், புகைவண்டி உலகுக்கு அறிமுகமானதே சிற்றுருவாகவும் காட்சிப் பொருளாகவும் ஆகும். 1784ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் மேர்டொக் என்பவர் நீராவியால் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்து ஓட்டினார். பாதையில் ஓடும் முதல் நீராவி எஞ்சினை 1804இல் வேல்ஸ் நாட்டில் ஓட்டிக் காட்டிய றிச்சேட் ட்ரெவிதிக், அதற்கு முன்னரே சிற்றுருக்கள் செய்து பார்த்தவர். 1808இல் அவர் லண்டன் மாநகரில் வட்டமாகத் தண்டவாளம் இட்டு, சுற்றிலும் வேலி அடைத்து, காசு பெற்றுக்கொண்டு மக்களை ஏற்றிச் சுழற்றிக் காட்டினார். வார்ப்பிரும்புத் தண்டவாளம் எஞ்சினின் பாரம் தாங்காது முறிந்தது, காட்சியும் நின்றது. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றே லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830இல் பெரும்பாதை திறக்கப்பட்டது.

யப்பான் நாட்டின் கதை இன்னும் சுவையானது. 1853இல் நாகசாக்கித் துறைக்கு வந்த இரஷ்யர் சிறு எஞ்சின் ஒன்றை ஓட்டிக் காட்டினர். மறு ஆண்டு, 1854இல், அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி என்பவர் நான்கில் ஒரு பங்கு அளவான எஞ்சினையும் பெட்டியையும் தண்டவாளத்தையும் பரிசாகக் கொண்டுவந்து யோக்கோகாமாவில் இறக்கினார். பெட்டிக்குள் ஆள் நுழைய இடமில்லை. ஆகவே யப்பானிய அதிகாரி ஒருவர் அதன் கூரைமேல் அமர்ந்து, தமது நீண்ட அங்கி காற்றில் பறக்க வட்டமடித்தார். சிரித்தவர் சிரித்திருப்பர். ஆனால் நாகசாக்கியில் கண்ட எஞ்சினைப் பார்த்துச் சாகா நாட்டுக் கைவினைஞர் 1855இல் தாமே ஒன்றைச் செய்தனர். 1872இல் தோக்கியோவுக்கும் யோக்கோகாமாவுக்கும் இடையே மெய்யான புகைவண்டி ஓடியது. முதலில் மாதிரி, பின்னர் மெய். அந்நாட்டில் நிகழ்ந்த முறை அது.

வீட்டு மேசைக்கு அது வந்தது பின்னர். 1891இல் யேர்மன் நாட்டு மேர்க்லின் நிறுவனத்தார் லைப்சிக் சந்தையில் அளவு வகுத்த தண்டவாளங்களோடு விளையாட்டு வண்டிகளை வைத்தனர். லிவர்பூல் நகரத்து பிராங் ஹோர்ன்பி 1920இல் சாவி முறுக்கி ஓடும் வண்டிகளை விற்கத் தொடங்கினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1910இல், லண்டனில் சிற்றுருப் பாதை அமைப்போர் தமக்கெனச் சங்கம் கண்டனர். இந்தியாவில் புனே நகரில் 1998 முதல் யோசி குடும்பத்தார் நடத்திவரும் சிற்றுருப் புகைவண்டிக் காட்சிச்சாலை இன்று பெயர் பெற்றது. நம் நாட்டிலோ, கடுகண்ணாவையில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையில் பழைய மெய்யான எஞ்சின்களையே காணலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் முதல் வண்டி 1864 டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. ஐம்பத்து நான்கு கிலோமீற்றர் தூரம். 1867இல் பாதை கண்டியை எட்டியது. இவ்விரைவுக்குக் காரணம் மக்கள் அன்று, கோப்பி. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கே பெரும் பொருள் செலவிடப்பட்டது. வடக்கே கோப்பி இல்லை. இடையே கிடந்த வன்னியில் குடிகளும் குறைவு, காய்ச்சலோ அதிகம். வருவாய் கிட்டாத காட்டினூடே பாதை எதற்கு என்று ஆட்சியாளர் தயங்கினர். யாழ்ப்பாணத்தான் கொழும்புக்குச் செல்வதாயின் மாட்டுவண்டியில் காட்டுவழி போதல் வேண்டும்; அன்றேல் கப்பலேறிக் கடல்வழி போதல் வேண்டும். அந்நாளில் யாழ்ப்பாணத்தார் அனைவரும் ஒருவகையில் தீவார்களே.

இறுதியில் வடபாதை இரு முனைகளிலிருந்தும் எழுந்தது. தெற்கே பொல்காவலையிலிருந்து குருநாகல் வரை 1894இலேயே தண்டவாளம் இருந்தது. வடக்கே காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச் 11ஆம் நாள் திறக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே அப்போது பாதை இல்லை என்பதை நோக்குக. அப்படியாயின் வடமுனையில் ஓடிய எஞ்சின் எவ்வழியாக வந்திருக்கும்? எங்கள் ஆசிரியர் இந்த வினாவை அந்த மாணவரிடம் விடுத்தார். அவர்கள் சற்றே திகைத்தனர். பின்னர் ஒரு சிறுவன், "கடலாலைதான் வந்திருக்கும் சேர்" என்றான். வேறு வழி இருந்திருக்க முடியாதன்றோ! எங்கள் தோட்டக்கார நண்பருக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கோச்சியும் எங்களைப் போலவே கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்ததுதான் என்று அன்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1905 ஆகஸ்ட் 1ஆம் நாள் இரு முனைகளும் இணைந்து, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர் வண்டி ஓடத் தொடங்கியது.

அதன்பின் வடநாட்டு வாழ்வு மாறியது. ஒருநாட் பயணத்தில் கொழும்பு கிட்டியது. புகையிலையும் வெங்காயமும் தெற்கே சென்றன. 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குக் கிளைப்பாதை திறந்தது. அதே ஆண்டில் அக்கரையில் பாம்பன் பாலம் எழுந்து இராமேசுவரத் தீவுக்கும் வண்டி ஓடியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல். இரு கரையிலும் வண்டி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை கொழும்பும் சென்னையும் இவ்வாறு தொடுக்கப்பட்டிருந்தன. கடலும் தண்டவாளமும் பகையல்ல, ஒன்றன் முடிவில் மற்றொன்று தொடங்குவது என்பதற்கு அதுவே சான்று.

எங்கள் சிறு தீவிலும் அத்தொடர்பு இருந்தது. தோட்டக்கார நண்பரின் தந்தையார் புகையிலைச் சிப்பங்களை வத்தையில் ஏற்றி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்து, வண்டில் பிடித்து யாழ்ப்பாண நிலையத்தில் ஒப்படைப்பாராம். "அப்பு சிப்பத்தைக் கோச்சியிலை ஏத்திப்போட்டு, காத்துப் பாத்து வத்தை ஏறி வீட்டை வாறதுக்கிடையிலை, சிப்பம் கொழும்பு கண்டிருக்கும்" என்று நண்பர் சொன்னார். வேடிக்கையாகச் சொன்ன சொல்லே ஆயினும், தீவு வாழ்வின் கணக்கு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. எழுபது காதம் போவது எளிது. கடைசிக் காதமே கடினம்.

1956 ஏப்பிரில் 23ஆம் நாள் யாழ்தேவி என்னும் விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. மேசைமேல் ஓடிய எஞ்சினும் அக்காலத்ததே. அதன் பக்கத்தில் நுண்ணிய எழுத்தில் ஒரு பெயரை எழுதியிருந்தனர்: ஒன்ராறியோ. எங்கள் கனடா நண்பர் அதனைக் கண்டு குனிந்தார். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு 1954ஆம் ஆண்டு முதலாக இலங்கைக்கு அளித்த டீசல் எஞ்சின்களுக்குத் தன் மாகாணங்களின் பெயர்களையே இட்டிருந்தது. ஒன்ராறியோ அவற்றுள் ஒன்று. ரொறன்ரோ அதன் தலைநகர்.

அந்த நண்பர் நெடுநேரம் எழவில்லை. பின்னர் தம் கதையைச் சொன்னார். அவருக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, பரீட்சையில் சித்தியடைந்தால் யாழ்தேவியில் கொழும்புக்குக் கூட்டிச் செல்வதாகத் தந்தையார் வாக்களித்திருந்தார். பரீட்சையில் சித்தியும் கிட்டியது. ஆனால் அது 1990. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான வண்டி நின்றது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிலையங்கள் இடிந்தன. தீவுகளிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். நண்பரின் குடும்பமும் அவ்வாறு போனது. "நான் முதன்முதல் ஏறின கோச்சி ரொறன்ரோவிலை, நிலத்துக்குக் கீழாலை போறது" என்றார் அவர். தந்தையார் இப்போது இல்லை. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இருபத்து நான்கு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வண்டி இல்லை. அக்காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் புகைவண்டி என்பது பாடப்புத்தகத்துப் படம். அல்லது விளையாட்டுப் பொருள். யப்பானில் மாதிரி முதலில் வந்தது, மெய் பின்னர் வந்தது என்றேன். எங்கள் நாட்டில் மெய் அழிந்தது. மாதிரி மட்டுமே எஞ்சியது. இந்திய அரசின் கடனுதவியோடு பாதை மீண்டும் இடப்பட்டு, 2014 அக்டோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2ஆம் நாள் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. வண்டி கண்ட தலைமுறை, காணாத தலைமுறை, மீண்டும் கண்ட தலைமுறை என மூன்றும் அன்று அந்த மேசையைச் சுற்றி நின்றன. இளையோர் முதியோரிடம் கேட்டனர்: பழைய நிலையத்தில் சாமான் கொட்டகை எந்தப் பக்கம்? மணி எங்கே தூங்கியது? ஆசிரியர் தம் கைத்தடியால் சுட்டிச் சுட்டிச் சொன்னார். அவர்கள் குறித்துக்கொண்டனர். இடையில் நின்றவர் மட்டும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இழந்தது இன்னதென்று சொல்வதற்கும் அதனை ஒருமுறையேனும் கண்டிருக்க வேண்டுமன்றோ!

புறப்படும் வேளையில் தோட்டக்கார நண்பர் மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். யாழ்ப்பாண நிலையத்துக்கு மேற்கே பலகை முடிந்துவிட்டது. "தம்பி, எங்கடை ஊர் எங்கை?" என்று கேட்டார். "எந்த ஊர் ஐயா?" "அனலைதீவு." சிறுவன் வெட்கப்பட்டு, "மேசை இவ்வளவுதான் ஐயா" என்றான். நண்பர் சிரித்தார். "மேசை மட்டுமே? கோச்சியும் இவ்வளவுதான்" என்றார்.

மாலை வள்ளத்தில் திரும்பும்போது அச்சொல்லே என் நினைவில் இருந்தது. அந்தச் சிறுவர்மீது குறை இல்லை. அவர்கள் தம் ஊரை அளந்து, தம் முதியோரைக் கேட்டு, மூன்று மில்லிமீற்றரும் பிசகாது செய்தனர். எங்கள் ஊரை அளந்து வைக்க வேண்டியவர் நாங்களே. சிப்பம் ஏற்றிய வத்தையின் நீளம் என்ன, பாய் எத்தகையது, பழைய இறங்குதுறை எங்கே இருந்தது, புகையிலை உணத்திய குடில் எவ்வாறு வேயப்பட்டது என்பனவற்றைச் சொல்லக்கூடியவர் இன்று ஊருக்குச் சிலரே. தண்டவாளத்தை நாடுகள் கடன் கொடுத்து மீண்டும் இடலாம். மறந்துபோன வத்தையை எவர் கடன் கொடுப்பார்?

ஆகவே தீவகத்து ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது: அளவுகோல் ஒன்றையும் கொப்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் முதியோரிடம் செல்லுங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். இயன்றால் சிறிதாகச் செய்து வையுங்கள். அடுத்த கண்காட்சியில் அந்த மேசைக்கு மேற்கே இன்னொரு பலகையைச் சேர்க்கலாம். அதில் நீல வர்ணம் அதிகம் வேண்டியிருக்கும்.